ஏழுமலையின் பத்தொன்பது வினாடி

1. வயரைப் பிடுங்கியவள்

தேசம்மா என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த அன்று காலையிலிருந்தே ஆரம்பாக்கத்தில் கரண்ட் இல்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு ரயில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் அது எனக்கு ஒரு வியாதி. போகிற ரயிலில் எல்லாம் மனதால் ஏறிக்கொள்வேன். அடுத்த ஸ்டேஷன் எளாவூர் தாண்டுவதற்குள் யாராவது ஒரு கஸ்டமர் வந்து என்னை இறக்கிவிடுவார்.

அன்று இறக்கிவிட்டவள் அவள். சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். மீன் டப்புக்குள் சிபியுவை உட்காரவைத்து, மேலே பழைய நைலான் வலையைப் போர்த்தி, இடுப்பில் குழந்தையை வைப்பது போல வைத்திருந்தாள். கூடவே அவள் கணவனின் தம்பி மூர்த்தி. பேச்செல்லாம் அவன்தான்.

அண்ணன் பாட்டு கேட்பதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் என்றான். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் பென் டிரைவைச் செருகிப் பாட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். வைரஸ் புகுந்து, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியது. பிறகு ஒருநாள் கறுப்புத் திரையோடு நின்றேவிட்டது. ரிப்பேர் பார்க்கிற ஒருவனை வீட்டுக்கே கூட்டிவந்தார்களாம். அவன் சிடியைப் போட்டு ஃபார்மட்டை முடித்து, புதுசாக சிஸ்டம் ஏற்ற ஆரம்பித்திருக்கிறான்.

அதுவரை சும்மா நின்ற தேசம்மா அப்போது பேசினாள்.

"எல்லாத்தையும் தொடச்சிட்டு புதுசாக்கிடுறேன்னு சொன்னான்க்கா. நான் வயர புடுங்கிட்டேன்."

மூர்த்தி சிரித்தான். "நல்ல வேள, ஷாக் அடிக்கல. அடிச்சிருந்தா அண்ணியும் அண்ணன் பின்னாலயே போயிருப்பாங்க."

"எங்க போயிருப்பேன்? உங்கண்ணன் எங்க போனாருன்னு உனுக்குத் தெரியுமா?"

அவன் பார்வையைத் தண்டவாளப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏழுமலையைப் பற்றி அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பதற்கு ஊர் வைத்த முறை உண்டு. பாடு என்பார்கள். அன்று அவன் பாடு இல்லை. சும்மா குந்தியிருக்கப் பிடிக்காமல், வேறு குப்பத்துக்காரர்களோடு கடல் வலைக்குப் போயிருக்கிறான். நாலு பேர் போன படகில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். எட்டு மாதம் ஆகியிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. போனும் அடையாள அட்டையும் அவன் மடியிலேயே இருந்தன. கல்யாண ஆல்பம் முந்தின மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தது. போன் நிறையும்போதெல்லாம் படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிவைப்பானாம். அவன் முகம் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தால் அந்த டப்புக்குள்தான் இருந்தது.

"அண்ணன் போட்டோ ஒண்ணு கெடைச்சா போதும்க்கா. பெருசா போட்டுக் குடுங்க" என்றான் மூர்த்தி. அவள் டப்பின் மேலிருந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஜாப் சீட்டில் 'போட்டோ ரெக்கவரி, 12x18 லேமினேஷன்' என்று எழுதினேன்.

2. எழுதாதே

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு பத்தி. மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

போனதை எடுக்க வேண்டிய டிஸ்கில் எதையும் எழுதாதே. அதிலிருந்து பூட் செய்யாதே, ஆன்டிவைரஸ் ஏற்றாதே, கிடைத்ததை அதிலேயே சேவ் செய்யாதே. ஃபார்மட் என்றால் பெரும்பாலும் விலாசத்தைக் கிழிப்பதுதான். வீடு அப்படியே நிற்கும். அந்த இடத்தில் இன்னொன்றை எழுதும்போதுதான் வீடு இடிகிறது. தேசம்மா வயரைப் பிடுங்கிய அந்த நொடி, எனக்குத் தெரிந்த எந்த சாஃப்ட்வேரையும்விடப் பெரிய ரெக்கவரி.

சிபியுவைத் திறந்தேன். ஏரிக்கரைக் கம்ப்யூட்டர்களுக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. உப்பு, கருவாடு, சூடான தூசு. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. டிஸ்கை மட்டும் கழற்றி, அதன் பின்களை பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து, என் மிஷினில் மாட்டினேன். வைரஸ் என் பக்கம் தாவாமல் இருக்க லினக்ஸ் சிடியில் பூட் செய்து, முதலில் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்கு இமேஜாக, அச்சு அசல் நகலாக, எடுக்கவிட்டேன். டிஸ்கில் பழுதான பேட் செக்டர் வரும் இடங்களில் உள்ளே டக் டக் என்று கேட்கும். தகர டின்னுக்குள் நண்டு நகர்கிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகம் போகிறதோ என்று இருக்கும்.

இரண்டு பகல் ஓடியது. பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, இமேஜில் தேட ஆரம்பித்தேன். இப்படித் தோண்டி எடுக்கும்போது ஃபைல்களுக்குப் பெயர் வராது. வெறும் நம்பர்தான். நம்பர் நம்பராக ஆயிரக்கணக்கில் படங்கள் கொட்டின. சினிமாக்காரர்கள், சாமிகள், பாட்டு ஆல்பத்து அட்டைகள், பாதி சாம்பல் நிறமாகிப்போன வானங்கள். ஏழுமலையை நான் பார்த்ததே இல்லை. சினிமாவும் சாமியும் போக எந்த முகம் அடிக்கடி வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் கிடைத்தான். படகின்மேல் கை வைத்து, வெறும் உடம்பில் தோளில் துண்டோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு ஆணைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

3. சட்டை

அந்த சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன்.

எங்கள் மாதிரிக் கடைகளில் இறந்துபோன ஆணின் படத்தைப் பெரிதாக்க ஒரு கைப்பழக்கம் உண்டு. யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகச் செய்யும். வெறும் உடம்பாக இருந்தால் ஒரு வெள்ளைச் சட்டை மாட்டுவோம். எந்தக் கழுத்துக்கும் பொருந்துகிற மாதிரி நாலு அளவில் சட்டைகள் ஃபோல்டரில் தயாராக இருக்கும். பின்னால் நீல நிறம். மேலே ஒரு ரோஜா மாலை. கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் தோற்றம், மறைவு என்று தேதிக்கு இடம்.

எல்லாவற்றையும் செய்தேன். படத்தின் ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை பாதி தெரிந்தது. அதை வெட்டினேன். தேதியை மட்டும் அவர்களிடம் கேட்டு எழுதலாம் என்று காலியாக விட்டேன். அழகாக இருந்தது. என் வேலையை நானே தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் தேசம்மா தனியாக வந்தாள். லேமினேட் செய்த படத்தை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வெகு நேரம் பார்த்தாள்.

"இந்தச் சட்ட அவருது இல்லியே" என்றாள்.

நாங்கள் போட்டது என்றேன். மாலையின்மேல் ஒரு விரலை வைத்து, பூப்பூவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"இத யாரு போடச் சொன்னது?"

அவள் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கோபம் எதுவும் இல்லை. எங்கேயாவது கரையில் இறங்கி, பசியோடு உட்கார்ந்திருப்பாரோ என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். உடம்பு கிடைக்காதவனுக்கு ஊரில் போட்டோவை வைத்துத்தான் காரியம் செய்வார்கள். போட்டோ இல்லாததால்தான் இதுவரை செய்யவில்லை. அதற்காகத்தான் மூர்த்தி கேட்டது. அவள் கேட்க வந்தது வேறு.

புதுப் போன் வாங்கிய அன்று ஏழுமலை அதை இவள் கையில் கொடுத்து ஒரு வீடியோ எடுக்கச் சொன்னானாம். அதில் அவன் பேசுவான். அது வேண்டும்.

வீடியோக்களை நான் தொட்டிருக்கவே இல்லை. ஜாப் சீட்டில் போட்டோ என்றுதானே இருந்தது. அவளை உட்காரவைத்துத் தேடினேன். மதியத்துக்கு மேல் ஒன்று திறந்தது. கரையில் நிற்கும் படகு. குனிந்து வலையிலிருந்து நண்டைப் பிரிக்கிறான். காற்று மைக்கில் அடிக்கிறது. எங்கிருந்தோ, யார் வீட்டுக் குழந்தையோ, "நைனா" என்று கூப்பிடுகிறது. பெரிய நண்டு ஒன்றைப் பின்னங்காலோடு பிடித்து போனுக்கு நேராகக் காட்டுகிறான்.

"இன்னாமே, இத வறுக்கறதா, கொழம்பு வெக்கிறதா? நீயே சொல்லு."

பத்தொன்பதாவது வினாடி. அதோடு திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். மிச்சம் இருந்த இடத்தில் அந்த ரிப்பேர்க்காரனின் புது சிஸ்டம் எழுதப்பட்டிருந்தது. அவள் சொன்ன பதில் அதற்கடியில் போய்விட்டது.

பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டே "கொழம்புனு சொன்னேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மூர்த்தி வந்தா போட்டோ கெடைக்கலன்னு சொல்லிடுங்கக்கா" என்றாள்.

4. டிஸ்க் போச்சு

எடுக்க முடியாததை எடுத்துவிட்டதாகக் கஸ்டமரிடம் அளந்தவர்களை எனக்குத் தெரியும். எடுத்ததை இல்லை என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூர்த்தி வந்தபோது, கவிழ்த்த படம் என் மேசை டிராயருக்குள் இருந்தது. அவன் முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான்.

"டிஸ்க் போச்சு, மூர்த்தி."

"ஒண்ணு கூடவா தேறல?"

"தேறல."

அவன் கிளம்பவில்லை. டப்பை எடுத்தான், திரும்பக் கீழே வைத்தான். "எங்கம்மா தெனம் சாயந்தரம் முகத்துவாரத்து பக்கம் பாத்துக்கினே குந்திக்கினுகீதுக்கா. எயுந்து வான்னா வராது. காரியத்த முடிச்சிட்டா எயுந்துடும்னு பாத்தேன்." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "கொரலு ஏதாச்சும் கீதா? அண்ணன் கொரலு?" என்றான்.

இல்லை என்றேன். சிபியுவை டப்போடு தூக்கிக்கொண்டு போனான். பஸ் ஸ்டாப் வரை அவன் முதுகு தெரிந்தது. அதைப் பார்க்கத் திராணி இல்லாமல் ரயிலைப் பார்த்தேன். அன்று எந்த ரயிலிலும் ஏற முடியவில்லை.

5. ஹெட்ஃபோன்

அதன் பிறகு தேசம்மா, இந்தப் பக்கம் வரும் நாட்களில் கடையில் வந்து உட்காருவாள். மெமரி கார்டில் போட்டுத் தருகிறேன், வீட்டிலேயே கேட்டுக்கொள் என்றேன். மாமியார் காதில் விழுந்துவிடும் என்று மறுத்துவிட்டாள். "ஒரு தபா போடுங்கக்கா" என்பாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு நான் ஜெராக்ஸ் பக்கம் போய்விடுவேன். ஒரு தபா என்பது ஐந்தாறு தபா ஆகும். முடிந்ததும் ஹெட்ஃபோனை முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டுப் போவாள். என்னிடம் நல்லது கெட்டது எதுவும் பேசியதில்லை. அவள் போனபின் அந்த நாற்காலியில் மீன் வாசனை நின்றுகொண்டிருக்கும். எனக்கு அப்படிக் காத்திருக்க யாருமில்லையே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

இரண்டு வருடம் போனது. என் ஹார்ட் டிஸ்க் ஒன்று நடுவில் சாகத் தொடங்கியது. புது டிஸ்க் வாங்கியதும் முதலில் காப்பி செய்தது கணக்கும் இல்லை, கஸ்டமர் ஃபைலும் இல்லை. 'ஏழுமலை' என்ற ஃபோல்டரைத்தான்.

போன ஆடியில் ஒருநாள் மூர்த்தியோடு வந்தாள். அவள் நேராக வந்து நாற்காலியை இழுத்து, "உக்காரு" என்று அவனை உட்காரவைத்து, ஹெட்ஃபோனைத் தன் கையாலேயே அவன் தலையில் மாட்டினாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். போட்டேன்.

பத்தொன்பது வினாடி. பச்சைக் கட்டம் வந்து வெகு நேரம் ஆகியும் அவன் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. என்னைத் திட்டுவான் என்று நின்றிருந்தேன். கழற்றியதும் அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டான்.

"வறுத்தீங்களா, கொழம்பா?"

"கொழம்புதான். எண்ண கொறச்சலா இருந்திச்சி. அவருக்கு வறுத்தாதான் புடிக்கும்." ஹெட்ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தாள். "வறுத்திருக்கலாம், மூர்த்தி. பக்கத்து வூட்ல எண்ண வாங்கினு வந்து வறுத்திருக்கலாம்."

மூர்த்தி அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டான். "அன்னைக்கே இருந்திச்சாக்கா?" ஆமாம் என்றேன். "நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள் அவள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். என்னை மன்னித்தானா என்று இன்றுவரை தெரியாது.

"அந்த போட்டோவ போட்டுடுங்கக்கா" என்றாள் தேசம்மா. "அத்தையால இதுக்கு மேல குந்த முடியாது. மால இவன் வாங்கியாருவான். நீங்க போடாதீங்க. சட்டயும் வேணாம்."

இருபது வருடத்தில் எத்தனையோ டிஸ்க் பார்த்துவிட்டேன். கற்றுக்கொண்டது என்று கேட்டால் இரண்டுதான் தேறும். டப்பைச் சுமந்து வந்தவள் வாயைத் திறக்கும்வரை ஜாப் சீட்டை எழுதக் கூடாது. காலியாகக் கிடக்கிற இடத்தில், உடையவர் சொல்லும்வரை எதையும் எழுதக் கூடாது.

நம்பர் மட்டும் போட்ட அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். நிறத்தைத் தொடவில்லை. சுருக்கிய கண், தோளில் துண்டு, துருப்பிடித்த படகு ஆணி, எல்லாம் இருந்த மாதிரியே பிரின்ட் கொடுத்தேன். ஓரத்தில் இருந்த அந்த வளையல் கையையும் இந்த முறை வெட்டவில்லை. தேசம்மா படத்தை வாங்கிப் பார்த்தபோது, அதே வளையல் அவள் கையில் இருந்தது.