மக்கள் விருப்பத்திற்கிணங்க

மம்சாபுரம் கேபிள்காரர் வைகுண்டராஜ் பொய் சொல்லி ஒருநாளும் அகப்பட்டதில்லை. உண்மையைச் சொல்லித்தான் அகப்பட்டார்.

ஐம்பதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, கிக்கர் உடைந்த ஒரு மொபெட், தோளில் வயர்ச் சுருள். ஆள் இவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் கீழத்தெருவில் அவருக்கு இருந்த மவுசே தனி. மாடியில் ஆள் உயர டிஷ் ஏற்றிய நாளில் ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. படம் ஓடும்போது கரண்ட் போனால்கூட அவரைத்தான் கேட்பார்கள். அவரும் மின்வாரியத்துக்கும் சேர்த்து, “செத்த நேரத்துல வந்துரும்” என்று வாக்குக் கொடுப்பார்.

லைன் போனால் அவரிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரோட்டைத் தோண்டிவிட்டார்கள். மெயின் பெட்டியில் இடி விழுந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கமிருந்து இறங்கி வந்த குரங்கு வயரைக் கடித்துவிட்டது. பாதி நாள் அவர் ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருப்பார். அத்தனை பழியையும் குரங்கு சுமந்தது. ஜனங்களும் குரங்கைத் திட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த டிஷ்ஷுக்கு வேலை இல்லை. படம் ராஜபாளையம் கண்ட்ரோல் ரூமிலிருந்து வயரிலேயே வந்துவிடுகிறது. துருப்பிடித்த டிஷ்ஷின் விளிம்பில் அவர் மனைவி முனீஸ்வரி துண்டு காயப்போடுகிறாள். தொழிலும் ஏறக்குறைய அந்த லட்சணத்தில்தான் இருந்தது. ஆண்களும் பிள்ளைகளும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். மிச்சமிருந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு ‘நிலைவாசல்’ சீரியல் பார்க்கும் பெண்கள் மட்டும்தான். அவர்களுக்காகத்தான் கீழத்தெரு வீடுகளில் இன்னும் கேபிள் இருந்தது. அவர்களும் போய்விட்டால் வைகுண்டராஜ் கடையைக் கட்டிவிட்டு எங்கேயாவது வாட்ச்மேன் வேலைக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெலிக்ஸ் வேறு, ஃபைபர் லைன் இழுத்துத் தருகிறேன் என்று தெருவை நாளும் சுற்றிக்கொண்டிருந்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த வினை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சீரியலின் நாயகி தேன்மலர் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் குழந்தையோட அப்பா யார் தெரியுமா?” என்று கேட்ட இடத்தில் ‘தொடரும்’ போட்டார்கள். தெருவே சனி ஞாயிறைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தது. திங்கட்கிழமை டிவியைப் போட்டால் தேன்மலர் ஒல்லியாக மணவறையில் உட்கார்ந்திருந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள்.

பெண்கள் பதறவில்லை. அவள் பழசை நினைத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். செவ்வாயும் நினைத்துப் பார்த்தாள். புதனும் நினைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை அய்யம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வைகுண்டராஜ் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அய்யம்மாள் இரண்டு கறவை மாடு வைத்திருப்பவள், அவருக்கு மதினி முறை. சீரியல் முடியாமல் மாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். அவள் பின்னால் தெருப் பெண்கள் நின்றார்கள்.

“கொழுந்தனாரே, தேன்மலருக்கு எத்தனை தடவைதான் கல்யாணம் பண்ணி வைப்பீரு?”

“நான் எங்க மதினி பண்ணி வச்சேன்? மெட்ராஸ்ல சீரியலுக்கு எழுதுறவுக எல்லாம் ஸ்டிரைக் பண்ணுதாக. எழுதினாத்தான எடுக்க முடியும்? அதான் பழசைப் போடுதான்.”

“எழுதுறாகளா? எதை?”

“கதையை. அவுக பேசுற பேச்சை.”

“அவ வாயி, அவ பேசுதா. அதை எதுக்கு ஒருத்தன் எழுதணும்?”

சென்னையில் அந்த எழுத்தாளர்கள் உட்கார்ந்திருந்ததே ஏறக்குறைய இதற்காகத்தான். எழுதுபவன் பெயர் திரையில் கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிடுகிறது, காலையில் கேட்ட காட்சியை மத்தியானத்துக்குள் மாற்றிக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கு ஆயிரம் குறை. அய்யம்மாள் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் போராட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

போதாக்குறைக்கு அந்தச் சேனல்காரன் ஸ்டிரைக் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘மக்கள் விருப்பத்திற்கிணங்க, மீண்டும் முதலிலிருந்து’ என்று திரையின் அடியில் ஓடவிட்டிருந்தான்.

“மக்கள் விருப்பம்னு டிவியிலயே போடுதான். எங்களை எவன் கேட்டான்? நீருதான் ஆபீசுல போய்ச் சொல்லியிருப்பீரு.”

வைகுண்டராஜ் போனை எடுத்து, எழுத்தாளர்கள் பந்தலுக்கடியில் அட்டை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அய்யம்மாள் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“எல்லாரும் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்காக. இது வாத்தியாருக போராட்டம்லா! யாரை ஏமாத்தப் பாக்கீரு?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வைகுண்டராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். நம்ப ஒரு நாதி இல்லை.

வெளியில் சிரித்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். சாப்பிட உட்கார்ந்தபோது முனீஸ்வரி குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: “ஏங்க, அவுகளை விடுங்க. எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. லைன்ல என்ன கோளாறு?”

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் தேன்மலர் பழைய நகைகளோடு பழைய கண்ணீரை விட்டாள். வைகுண்டராஜ் வீடுவீடாகப் போய் விளக்கினார். விளக்க விளக்க அவர் மேல் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு பாடுபட்டு ஒருவன் விளக்குகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் தெரு ஒன்றுகூடி முடிவெடுத்தது. திங்கட்கிழமை பெலிக்ஸ் வரட்டும், எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் லைன் இழுத்துவிடட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் ராஜபாளையம் கண்ட்ரோல் ரூமிலிருந்து விக்னேஷ்வரன் போன் செய்தான். “அண்ணாச்சி, ஸ்டிரைக் முடிஞ்சிட்டு. புதன்கிழமைல இருந்து நிலைவாசல் புதுசு வருது.”

வைகுண்டராஜ் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். வேப்பமரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“போன வாரம் எழுத மாட்டாகன்னீரு. இப்ப எழுதிட்டாகங்கீரு. நல்லாத்தான் கதை விடுதீரு, கொழுந்தனாரே. நீரே மெட்ராசுக்குப் போய் சீரியலுக்கு எழுதலாம்” என்றாள் அய்யம்மாள்.

தெருமுனையில் பெலிக்ஸ் கொண்டுவந்து இறக்கிய வயர் உருளை கிடந்தது. வைகுண்டராஜ் அதைப் பார்த்தார். அப்புறம் அந்த முகங்களைப் பார்த்தார். அவருடைய வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சரி மதினி. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? செண்பகத்தோப்புல இருந்து வந்த குரங்கு ஒண்ணு மாடியில ஏறி டிஷ்ஷைத் திருப்பிப் போட்டுருச்சு. டிஷ்ஷு பழைய பக்கம் பாத்துட்டு நிக்கிது. அதான் எல்லாம் பழசாவே வருது. புதன்கிழமை சரி பண்ணிருதேன்.”

ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது.

“அதான பாத்தேன்!” என்றாள் ஒருத்தி.

“எங்க கொல்லையில இளநியை எல்லாம் பறிச்சுப் போட்டுச்சே, அதே குரங்குதான்” என்று இன்னொருத்தி சாட்சி சொன்னாள்.

“இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏன் பெலிக்ஸை வரச் சொல்லுதோம்? ஸ்டிரைக்காம், எழுதுறாகளாம். எம்புட்டுப் பொய்!” என்றாள் அய்யம்மாள். குரலில் கோபம் போய் உரிமை வந்திருந்தது. “சரி, புதன்கிழமை வரைக்கும் பெலிக்ஸை நிறுத்தி வைக்கோம். அன்னைக்கும் பழசு வந்துச்சு, பொறவு எங்களைக் குத்தம் சொல்லப்பிடாது.”

பிழைப்பு தப்பியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வைகுண்டராஜுக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாதாடி வாதாடித் தொண்டை கட்டிய உண்மைக்கு இல்லாத மரியாதை, வாயில் வந்த குரங்குக்குக் கிடைத்துவிட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது? பழக்கிவிட்டதே அவர்தான்.

புதன்கிழமை சும்மா வீட்டில் இருந்தாலே போதும், படம் வந்துவிடும். ஆனால் இரண்டு மணிக்கு முன்னாலேயே தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேலாகச் செத்துக் கிடந்த டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. தகரம் நெருப்பாகச் சுட்டது.

“இன்னும் செத்த வலது பக்கம்!” என்று கீழிருந்து அய்யம்மாள் கத்தினாள். “ஏட்டி முனீஸ்வரி, வருதா?”

உள்ளே டிவி முன்னால் நின்ற முனீஸ்வரி, “வருதுக்கா! புதுசு வருது! மாமியார் கையைப் பிடிச்சிட்டு நிக்கா!” என்று அலறினாள்.

தெரு ஓவென்று கத்தியது. வைகுண்டராஜ் பெருமூச்சு விட்டு டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தார்.

“ஐயோ, கையை எடுக்காதீரு! பழசு வந்துரும்!”

“மதினி, இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல! படம் வயர்ல வருது! இது சும்மா நிக்கிது, வெறும் தகரம்!”

“ஆரம்பிச்சுட்டாரு பாரு” என்று சொல்லிக்கொண்டே அய்யம்மாள் அவர் வீட்டுக்குள் போனாள். மற்றவர்களும் உள்ளே போய் டிவி முன்னால் இடம் பிடித்தார்கள். ஒருத்தி மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்து, “அண்ணாச்சி, பிடிச்சிருக்கீகளா?” என்று அண்ணாந்து பார்த்தாள்.

வைகுண்டராஜ் தெருமுனையைப் பார்த்தார். வயர் உருளை இன்னும் அங்கேதான் கிடந்தது. மறுபடியும் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டார். கீழே தேன்மலர் அழுதாள், மாமியார் அழுதாள், குழந்தையின் அப்பா யாரென்று இன்னும் சொல்லவில்லை. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

விளம்பரம் வந்ததும் முனீஸ்வரி ஒரு சொம்பு மோரோடு மாடிக்கு வந்தாள். கையை எடுக்கச் சொல்லவில்லை. அவரை அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி அவளே ஊற்றினாள்.