எழுபத்தொரு நாள் இருமல்

எங்கள் கந்தோரில் இப்போது யாருக்காவது தடிமன், இருமல் வந்தால், எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. "எத்தினையாம் நாள்?" என்றுதான் கேட்கிறார்கள். பதினைந்து என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். நாற்பது என்றால்தான் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

கந்தோர் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும், மூடினால் பக்கத்து மேசையின் இருமல் கேட்கும். நான் அங்கே பைல் எழுதும் லிகிதராக இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன். முன்பு தடிமன் என்றால் மூன்று நாள், மிஞ்சினால் ஒரு கிழமை. கொத்தமல்லி அவித்துக் குடித்து, வேர்க்கொம்பை இடித்து நெற்றியில் பூசிக்கொண்டு படுத்தால் போய்விடும். இப்போது போவதில்லை. காய்ச்சல் போனால் இருமல் நிற்கும், இருமல் போனால் உடம்புக் களை நிற்கும், களை போகிற நேரம் பார்த்து அடுத்த தடிமன் வரும்.

இது ஏன் என்று கேட்டால் எங்கள் கந்தோரில் எல்லோரும் வைத்தியர்கள். ஊசி போட்டதால் என்பார் ஒருவர். இரண்டு வருடம் மாஸ்க் போட்டு உடம்பைப் பழுதாக்கிவிட்டோம் என்பார் இன்னொருவர். பால்மா விலை ஏறிய நாளில் இருந்து யாருக்கு உடம்பில் சத்து இருக்கிறது என்று கேட்பவரும் உண்டு. அவர் சொல்வது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஏற்கும். என்றாலும் இவர்களில் ஒருவர்கூட ஒரு நாள் வீட்டில் படுத்திருந்து பார்த்ததில்லை. கொரோனாக் காலத்தில் ஒரு தும்மலுக்கு ஆளைக் கேற்றுக்கு வெளியே விட்டவர்கள், இப்போது இருமலுக்கு லீவு கேட்டால் வைத்தியச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதை எடுக்க ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நிற்க வேண்டும். அங்கே நிற்கிற உடம்புக்கு வேலைக்கு வர என்ன குறை என்று பிறகு கேட்பார்கள்.

எனக்கு இருமல் தொடங்கி இருபதாம் நாள் ஒரு தனியார் வைத்தியரிடம் போனேன். லிங்கநகரில் என் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சின்ன டிஸ்பென்சரி. அவருடைய குரலும் அடைத்திருந்தது.

"உங்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் இப்ப இழுக்குது" என்றார்.

"ஏன் டொக்டர்?"

"ரெண்டு வருசம் மூடிக்கொண்டு இருந்தம், உடம்பு சாதாரணக் கிருமியளை மறந்திட்டுது எண்டு சிலர் சொல்லினம். கொரோனா நெஞ்சுக்குள்ள ஏதோ மிச்சம் வைச்சிட்டுப் போட்டுது எண்டு சிலர் சொல்லினம். முழுசா ஆருக்கும் தெரியாது. ரெண்டு மூண்டு நாள் படுத்து எழும்புங்கோ."

"லீவு எடுக்க ஏலாது."

"அப்ப இழுக்கும்தான்" என்றவர், மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டே, "வயசான ஆக்களுக்குக் கிட்டப் போகாதேங்கோ. உங்களுக்கு இருமல், அவையளுக்கு வேறை மாதிரி" என்றார். என் வீட்டில் வயதானவர்கள் யாரும் இல்லை. நானும் தங்கையும் மட்டும்தான். அதனால் அந்தப் பேச்சு ஒரு காதால் வந்து மற்றக் காதால் போனது.

இருபதாம் நாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். என் மேசைக்கும் பக்கத்து மேசைக்கும் நடுவே ஒரு காலண்டர் நிற்கிறது. இருமல் இருந்த ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி. இந்தப் பழக்கம் பக்கத்து மேசைக்காரியிடம் பிடித்தது. கொரோனா நேரம் அவளுடைய வீட்டைப் பதினான்கு நாள் அடைத்து, கேற்றில் அறிவித்தல் ஒட்டினார்கள். அவள் அந்தப் பதினான்கு நாளும் தன் வீட்டுக் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைத்தாள். திரும்பி வந்து அதை எனக்குச் சொன்னது அவள்தான். முன்பெல்லாம் நோய் எத்தனை நாள் நின்றது என்று யார் பார்த்தோம்? அந்த வருடங்கள்தான் எண்ணப் பழக்கிவிட்டன. நோய் நீண்டதில் பாதி அந்தப் பழக்கம் என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

அவள் கிண்ணியாவில் இருந்து வருகிறவள். தினமும் பாலம் கடந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஒன்பது வயது இளையவள், என்னை அக்கா என்பாள். பதினேழு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறோம். மதியம் என் பார்சலில் பாதி அவளுக்கு, அவளுடையதில் பாதி எனக்கு. வாழையிலைத் துண்டுக்கு ஜன்னலடியில் வந்து நிற்கிற, இந்த ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மானுக்குக்கூட எங்கள் இரண்டு பேரையும் தெரியும்.

அப்படிப்பட்டவளிடம் இருந்து நான் ஒருமுறை கதிரையைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். கொரோனா தொடங்கிய நேரம், கிண்ணியாப் பக்கம்தான் நோய் கூட, அந்த முஸ்லிம் ஆட்கள்தான் கொண்டு திரிகிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. வாய் கூசாமல் கந்தோரிலும் கதைத்தார்கள். நான் கதைக்கவில்லை. ஆனால் ஒரு காலை அவள் வருவதற்கு முன் என் கதிரையை இரண்டு சதுரக்கல் தள்ளிப் போட்டேன். அவள் வந்தாள், தரையைப் பார்த்தாள், இருந்து வேலையைத் தொடங்கினாள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய வாப்பா ஆஸ்பத்திரியில் கொரோனாவோடு மௌத்தானார். அப்போது எரிக்கத்தான் வேண்டும் என்பது சட்டம். மண்ணுக்குள் வைத்தே பழகிய சனத்தின் மனிதரை, முகம் மூடி வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் கொண்டுபோய் எரித்தார்கள். வீட்டு ஆட்கள் தூர நின்று பார்த்தார்களாம். நான் போகவில்லை. தெரு மூடியிருந்தது உண்மை. தெரு திறந்த பிறகும் நான் போகவில்லை என்பதும் உண்மை. தொலைபேசியில் இரண்டு வரி அனுப்பினேன். எங்கள் ஊரில் நோய் வருத்தம் பார்க்கப் போகாததையும் செத்த வீட்டுக்குப் போகாததையும் மனிதர் மறப்பதில்லை. நானும் மறக்கவில்லை.

இந்த முறை அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. நுளம்பு கடித்து வருகிற காய்ச்சல்தான். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டது, மூட்டு நோவு விடவில்லை. விரல்கள் வீங்கிப் பேனை பிடிக்க ஏலாமல் இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தாள். அவள் இல்லாத நாட்களில்தான் எனக்கு இருமல் தொடங்கியது. எங்கள் மேலதிகாரி மூன்று நாள் முழு அறைக்கும் சேர்த்து இருமிவிட்டுப் போனார், ஆறு பேர் படுத்தோம். படுத்தோம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், ஒருவரும் படுக்கவில்லை.

இருபத்து நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவளைப் பார்க்கப் போவது என்று முடிவெடுத்தேன். அன்றைய கட்டத்தில் 'கிண்ணியா' என்று முந்தின வெள்ளிக்கிழமையே எழுதி வைத்திருந்தேன், புள்ளி திங்கட்கிழமை வந்து வைத்தது. இந்த முறை தவறமாட்டேன் என்று எனக்கு நானே கையெழுத்து வைத்த மாதிரி. ஒரு மோல்ட் மா டின்னும் ஆறு தோடம்பழமும் வாங்கினேன். இருமல் மருந்தை இரண்டு மூடி குடித்தேன், வாயில் கராம்பு ஒன்றை அடக்கிக்கொண்டேன். பஸ்ஸில் மாஸ்க் போட்டிருந்தேன்.

அவளுடைய கேற்றடியில் மாஸ்க்கைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். மறதியால் அல்ல. அன்று தூர நின்று பார்த்தவர்களுக்கு மூடிய முகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வாப்பா போன நேரம் வராதவள், இப்போது முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? கதிரையைத் தள்ளிப் போட்டவள் இன்னும் தள்ளித்தான் நிற்கிறாள் என்று நினைப்பார்கள். கொரோனா இல்லைத்தானே, வெறும் இருமல்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் கட்டிலில் எழும்பி இருந்தாள். அவளைப் பெற்ற உம்மாதான் என்னைக் கண்டதும் குசினியில் இருந்து ஓடி வந்தார். எழுபது தாண்டியவர், முட்டு வருத்தக்காரர், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். "வந்திட்டீங்களா மகள்" என்று என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முத்தமிட்டார். வாப்பாவைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. என்னைக் கதிரையில் இருத்தித் தானும் ஒட்டி இருந்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டார். வட்டிலப்பத்தைத் தன் கரண்டியால் எடுத்து எனக்குத் தீத்தினார். நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோசத்தில் இருமல் கிளம்பியது. இரண்டு முறை இருமினேன்.

"என்ன அக்கா, தடிமனா?" என்று அவள் கட்டிலில் இருந்து கேட்டாள்.

"சீச்சீ, பஸ் தூசி" என்றேன்.

உம்மா என் முதுகைத் தடவிவிட்டார். ஒன்றரை மணித்தியாலம் இருந்து, தேத்தண்ணி இரண்டு தரம் குடித்துவிட்டு வந்தேன். பாலத்தில் பஸ் வரும்போது மனம் லேசாக இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

நாலு நாளில் அவள் தொலைபேசியில் கதைத்தபோது, உம்மாவுக்குத் தடிமன், இருமல் என்றாள். சாதாரணம்தான் என்றாள். அது எல்லோருக்கும் இழுக்கிற மாதிரி இழுத்தது. இரண்டாம் கிழமை முட்டுக் கூடியது. மூன்றாம் கிழமை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். என் இருமலின் நாற்பத்தாறாம் நாள் உம்மா மௌத்தானார். அந்தக் கட்டத்திலும் நான் புள்ளி வைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே அடக்கம். இந்த முறை நான் போனேன், மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். அவள் பெண்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து இருந்தாள். என்னைக் கண்டதும் வீங்கிய விரல்களால் என் கையைப் பிடித்தாள்.

"வாப்பாவத்தான் நெருப்புக்குக் குடுத்தம் அக்கா. உம்மாவ மண்ணுக்குக் குடுத்திட்டம். அது போதும்" என்றாள். பிறகு, "அண்டைக்கு நீங்க வந்ததையே உம்மா கதைச்சிக்கொண்டிருந்தா. பிள்ளை நம்மள மறக்கல்ல எண்டு சொன்னா" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியது அப்போது. நான் கையை விடுவித்துக்கொண்டு எழும்பி வந்தேன். வயதான மனிசி, முட்டு வருத்தம், யாரிடம் இருந்தும் தொற்றியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே வழக்கறிஞராக இருந்தேன். அந்த வீட்டுக்கு வேறு யார் வந்தார்கள், யார் இருமினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தெரியும்.

அவள் மீண்டும் வேலைக்கு வந்தது என் எழுபத்தோராம் நாள். அதற்குள் இருமல் இளகி, நாளுக்கு மூன்று நாலு தடவை என்று குறைந்திருந்தது. காலையில் ஒன்று வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இருமலா அக்கா? எத்தினை நாள்?"

கந்தோரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் காலண்டரைப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

"ஒரு ரெண்டு கிழமை இருக்கும்."

இரண்டு கிழமை என்றால் உம்மாவை அடக்கிய பிறகு தொடங்கியதாகக் கணக்கு. அந்தக் கணக்கை நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அவள் தலையாட்டினாள். லீவுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தான் வேலைக்கு வராமல் நின்ற திகதிகளைப் பார்க்கக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினாள். நான் அதை மறந்தே போயிருந்தேன். இந்த மாதம் இன்றுவரை புள்ளி. அவள் தாளைப் பின்னுக்குப் புரட்டினாள், போன மாதமும் புள்ளி. இன்னும் ஒரு தாள் புரட்டினாள். அவளுடைய விரல் கட்டம் கட்டமாக வந்து அந்த ஞாயிற்றுக்கிழமையில் நின்றது. ஒரே கட்டத்துக்குள் சிவப்புப் புள்ளியும், அதை ஒட்டி என் கையெழுத்தில் 'கிண்ணியா' என்ற சொல்லும் இருந்தன.

அந்தப் புள்ளி என்ன என்று அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்கு அதைப் பழக்கியவளே அவள்தான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. காலண்டரை இந்த மாதத்துக்குத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்தாள். படிவத்தை நிரப்பினாள், விரல் நோவில் எழுத்துக் கோணலாக வந்தது. மதியம் பார்சலை விரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அவள் கதிரையை ஒரு சதுரக்கல்கூடத் தள்ளிப் போடவில்லை.