தென்னை உச்சியில் என் ஆன்டெனா

பக்கத்து வீட்டுத் தென்னையின் உச்சியில் ஒரு மனுஷன். அவர் கையில் என் ஆன்டெனாக் கம்பி. மாடியறையில் நான், காதில் ஹெட்போன், கையில் மைக். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வீட்டிலிருந்தே வெளியூர், வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோ பைத்தியம் எனக்கு. கம்பியின் ஒரு முனை எங்கள் மொட்டை மாடியில், மறு முனை மதிலுக்கு அப்புறம் அந்தத் தென்னையில். பக்கத்து வீட்டார் சம்மதித்துக் கட்டியதுதான். கம்பிக்கும் ரேடியோவுக்கும் பொருத்தம் பார்க்க ஆட்டோமேட்டிக் ட்யூனர் என்று ஒரு பெட்டி. சிக்னலைப் பெரிதாக்கித் தூரத்துக்கு அனுப்ப, நானே கட்டிய ஆம்ப்ளிஃபயர். பொருத்தம் கெட்டால் அது தானாகவே அணைந்துவிடும். அப்படி ஒரு காவல் சர்க்யூட் அதற்குள் வைத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என்னோடு படித்த, புதுக்கடை ஊர்க்காரன் ஒருவன் மஸ்கட்டில் லைசன்ஸ் வாங்கி, அன்றுதான் முதல்முதலாக ரேடியோவில் வந்தான். அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவனுக்கு எட்டவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். ட்யூனர் கடகடவென்று தேடியது, பொருத்தம் கிடைக்கவில்லை, ஆம்ப்ளிஃபயர் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய சனியன்!

ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வேறு ஒயர் போட்டுப் பார்த்தேன். ஆன்டெனாவுக்குப் பதில், சோதிப்பதற்கென்றே வைத்திருக்கும் டம்மி லோடை மாட்டினால், ரெண்டு பெட்டியும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தன. அப்படியானால் கோளாறு வெளியே, கம்பியில். அது எனக்குத் தெரியாமல் இல்லை. எழும்பிப் போய்ப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஹெட்போனில் அவனோ, "இருக்கியா மக்கா, இருக்கியா?" என்று விடாமல் கூப்பிடுகிறான். கோபம் மண்டைக்கு ஏறியது. கிறுக்குப் பிடித்தது காவல் சர்க்யூட்டுக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டேன். ஆன்டெனாவைத் திரும்ப மாட்டி, கரண்டை நிறுத்தி, மூடியைத் திறந்து, அதைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு துண்டு ஒயரை வைத்துப் பற்றவைத்தேன். இனி அணையாது. முழுப் பவரும் கம்பிக்குப் போகும்.

ஸ்விட்சைப் போட்டு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனபோது மனைவி வந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாளாம், இந்தக் காது எதற்கு இருக்கிறதாம். பக்கத்து வீட்டில் தேங்காய் வெட்டுகிறார்கள், அது முடிந்ததும் மரமேறுகிறவரை நம் மரத்திலும் ஏறச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"எந்த மரத்துல நிக்காரு?"

"உங்க கம்பி கட்டுன மரத்துலதான்."

மைக்கைக் கீழே வைக்கக்கூடப் பயம், பேசுகிற பொத்தான் அமுங்கிக் கம்பியில் பவர் பாய்ந்துவிட்டால்? மறு கையால் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகுதான் வைத்தேன். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அவர் இறங்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு ஏறுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது, முறை வந்தால் வருவார், ஏதோ ஒரு மரத்தில் தொடங்குவார். காய்ந்த ஓலையை வெட்டும்போது கம்பி அறுந்துவிடக் கூடாதே என்று அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்திருந்தாராம். அந்தக் கையில் ஒரே முசுறுக் கடி, தட்டித் தட்டிப் பார்த்தும் ஒரு எறும்பையும் காணவில்லை என்று குறைப்பட்டார். அது முசுறு இல்லை, நான். அவர் கை பட்டுத்தான் கம்பியின் பொருத்தம் கெட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அணைவதற்கு முன்னால் கசிந்த துளிப் பவர். நான் திட்டித் தீர்த்த அந்தச் சர்க்யூட்தான் ஒவ்வொரு தடவையும் அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

அவர் கையைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய்ப்பேறிய கை, ஒரு கொப்புளம் இல்லை. அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன சாரே, ரேகை பாத்து சொல்லப் போறியளா?"

"ஆயுசு கெட்டி அண்ணாச்சி," என்றேன். கையை மட்டும் விடவில்லை.