மறியலில் விட்டுவந்த ஒலிபெருக்கி

நசுங்கிய புளியந்தழையின் வாசனை. போன மாதம் தியாகதுருகம் தாண்டிப் போகையில் பஸ் ஜன்னல் வழியாக உள்ளே குதித்தது. சாலையை அகலப்படுத்த மரங்களை அறுத்துப் போட்டிருந்தார்கள். லாரிச் சக்கரங்கள் தழையை அரைத்துக்கொண்டிருந்தன. நாக்கு ஊறியது, பல் கூசியது, சிரிப்பு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவருக்கு எப்படிச் சொல்வது, இந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு ஐஸ் பெட்டி ஞாபகம் வரும் என்று?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்திருந்த வருஷங்கள் அவை. நான் அரசாங்க விளம்பர ஜீப்பில் தற்காலிக அறிவிப்பாளன். கூரையில் கூம்பு ஒலிபெருக்கி, பின்சீட்டில் பாட்டரி, ஆம்பிளிஃபயர், என் குரலைப் பதிந்த கேசட். தடுப்பூசியோ, சிறுசேமிப்போ, எந்த இலாகா எதைச் சொல்லச் சொன்னாலும் ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் வேலை. காலையில் எலவனாசூர்கோட்டை, மதியம் கல்வராயன் மலை. கால் ஓரிடத்தில் நிற்காதவனுக்கு இது வேலையா என்ன? காற்றைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்த மாதிரி இருந்தது.

எங்கள் அதிகாரி ஒரு விதி வைத்திருந்தார். அரசாங்க மைக்கில் யார் பேசினாலும் சரி, ஒருவர் பேசி முடித்ததும் நம் அறிவிப்பு ஒரு தரம் ஒலிக்கவேண்டும். ஒலித்ததை டூர் டைரியில் எழுதவேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மைக் கொடுத்தால்கூடப் பாட்டுக்கும் பரிசுக்கும் நடுவில் அம்மைத் தடுப்பு ஒலிக்கும். ஜீப் ஓட்டிய அண்ணனுக்கு இந்த விதி காலையில் விபூதி பூசுவது மாதிரி. ஒரு நாளும் தவறமாட்டார்.

அந்த வாரம் மலையில் குழந்தைகளுக்கு ஊசி போடும் முகாம். முந்தின நாளே மேலே போய் அறிவித்துவிட்டு வந்தோம். "நாளைக் காலை ஊசி வருகிறது தாய்மார்களே, நிச்சயம் வருகிறது." அந்த 'நிச்சயம்' எழுதிக்கொடுத்த தாளில் இல்லை. நர்ஸம்மா சேர்க்கச் சொன்னது. அந்த மலையூர்கள் அவர் பொறுப்பு. அதற்கு முந்தின மாதம் அவர் வாக்கை நம்பித் தாய்மார்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு காடு கடந்து வந்து, பொழுது சாயும் வரை காத்திருந்தார்கள். மருந்து வரவில்லை.

"இந்தத் தபாவும் வர்லன்னா அவ்ளோதான் தம்பி. அப்பறம் நான் போனா கதவத் தெறக்க மாட்டாங்க."

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் கிளம்பினோம். நர்ஸம்மா மடியில் தடுப்பு மருந்து வைத்த ஐஸ் பெட்டி. கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், நேற்று நின்றிருந்த புளியமரங்கள் இன்று சாலையில் படுத்திருந்தன. ஒன்றல்ல, மூன்று. மரத்துக்கு மரம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தழை வாசனை ஜீப்பை மூடியது.

"இன்னா வண்டி?"

"ஊசி வண்டிங்க," என்றார் ஓட்டுநர் அண்ணன்.

"ஊசியோ நூலோ, கவர்மெண்டு வண்டிதான? திருப்பு."

கேட்டவர் கரும்பு விவசாயி. அவர்தான் அங்கே தலைவர். விடிந்ததிலிருந்து கோஷம் போட்டுத் தொண்டை கட்டி, பேச்சு பாதி காற்றாக வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, ஒனக்கு மட்டும் எப்பிடி வேல குடுத்தாங்க?"

"டெம்பரவரிங்க."

மரமே குலுங்கும்படி சிரித்தார்கள். "அப்ப நீயும் வந்து குந்து! ஒனக்கும் சேத்துதான் கத்திக்கினு இருக்கோம்."

நர்ஸம்மா இறங்கினார். கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. பெட்டி மூடியை ஒரு விரல் அகலம் திறந்து காட்டி, உடனே மூடினார்.

"இதுல இருக்கறது ஐஸுங்க. நீங்க பத்து நாளு வேணும்னாலும் குந்துங்க. இது குந்தாது. மேல புள்ளைங்கள வச்சிக்கினு பொம்பளைங்க காத்திருக்காங்க."

தலைவரின் கண் ஜீப்பின் கூரைக்குப் போயிற்று.

"எங்க மைக்செட்டுக்காரன் பயந்துக்கினு வர்ல. அத்தக் குடுத்துட்டுப் போங்க. மரத்துக்கு அந்தாண்ட என் டிராக்டர் நிக்குது, அதுல ஏத்தி அனுப்பறேன்."

அந்த ஒலிபெருக்கிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். அது போனால் டெம்பரவரியும் போகும். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். 'நிச்சயம்' என்று சொன்ன வாய் என்னுடையது.

"எடுத்துக்கங்க," என்றேன்.

"நீ போப்பா," என்றார் ஓட்டுநர் அண்ணன். "நான் செட்டோடயே குந்திக்கினு இருக்கேன். என்னத் தாண்டி எங்க போயிடும்?"

ஐஸ் பெட்டி கை மாறிக் கை மாறி மூன்று மரங்களையும் கடந்தது. கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினார்கள். டிராக்டர் பெட்டியில் கரும்புத் தோகை பரப்பியிருந்தது. கோமுகி அணை ஒரு பக்கம் பளபளத்தது. மலை கிட்டே கிட்டே வந்தது. நான் பாடினேன் என்று நினைக்கிறேன். நர்ஸம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, "வாய மூடிக்கினு வா தம்பி, தூசி போவுது," என்றார்.

காத்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எழுந்து வந்தாள்.

"ஜீப்பு சத்தத்துக்குல்ல காத வச்சிக்கினு இருந்தோம். டிராக்டர்ல வந்து நிக்கிற?"

"எதுல வந்தா இன்னா? வந்தனா இல்லியா?" நர்ஸம்மாவின் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே அதட்டலாக மாறியது. "வரிசையா வாங்க!"

மைக் இல்லாமல் வெறுந்தொண்டையில் பெயர் கூப்பிட்டேன். குட்டிக் கால்களைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை அழுகை, எத்தனை எத்தனை சுருதி! ஒரு குழந்தை மட்டும் ஊசி ஏறும்போது என் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மலை முழுக்க அன்று எனக்குச் சொந்தம்.

திரும்பும்போது, மரங்கள் கண்ணில் படும் முன்பே, கரும்புக் காட்டுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. என் குரல். "ஊசி உங்களைத் தேடி வருகிறது தாய்மார்களே, குழந்தையோடு வாருங்கள்." பிறகு கோஷம். பிறகு மறுபடி நான்.

ஓட்டுநர் அண்ணன் விதியை விடவில்லை. தலைவருக்குத் தொண்டை இல்லாததால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பேசியிருக்கிறார்கள். ஆள் மாறும்போதெல்லாம் அண்ணன் கேசட்டைப் போட்டிருக்கிறார். அதைக் கேட்டுக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களும், வீட்டிலிருந்த பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாய்ந்த மரங்களில் இப்போது தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போராட்டக்காரர்கள் கீழே, புழுதியில்.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"நான் இன்னா பண்ணட்டும்? டைரில பொய்யா எழுத முடியும்?"

நர்ஸம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். சின்னச் சின்னத் துண்டுகளாக ஐஸ் இன்னும் இருந்தது, மருந்தும் இருந்தது. புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதல் குழந்தை தலைவரின் மகள். அவரே மடியில் வைத்துப் பிடித்தார். ஊசி ஏறியது. வீறிட்ட சத்தம் ஒலிபெருக்கியைத் தோற்கடித்தது.

"அண்ணே, ஒன் தொண்ட எங்க போச்சுன்னு பாத்தேன். ஒம் பொண்ணாண்ட இருக்கு!" என்று கத்தினார் புழுதியில் இருந்த ஒருவர்.

தலைவர் சத்தமே வராமல் சிரித்தார், கண்ணில் நீர் வர.

வெயில் தணிந்தபோது அவர்களே ஒலிபெருக்கியை ஜீப்பின் கூரையில் ஏற்றி, நான் கட்டுவதைவிட இறுக்கமாகக் கட்டிக்கொடுத்தார்கள். டைரியில் 'ஒத்துழைத்தோர்' என்ற இடத்தில் பேனா நின்றது. "பொதுமக்கள்னு போடுப்பா," என்றார் ஓட்டுநர் அண்ணன். போட்டேன்.

வண்டி உறுமியது. தலைவர் நர்ஸம்மா பக்கத்து ஜன்னலுக்கு வந்தார், மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஊசி எப்பம்மா?"

"வர்ற மாசம், இதே கெழம."

"சொன்னா வருவீங்க இல்ல?"

"நீங்க வுட்டா வருவேன்."

அவர் சாய்ந்த மரங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்கம்மா. அன்னிக்கி மரத்த வேற ரோட்டுல சாச்சிக்கிறோம்."