பெட்ரோலில் கரையாத சர்க்கரை

மாசிலாமணி போய்விட்டார் என்ற செய்தி எனக்கு பஸ் ஜன்னல் வழியாக வந்தது. நன்னிலம் கடைத்தெருச் சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அவர் படத்துக்குக் கீழே 'அடக்கத்தின் உருவமே' என்று போட்டிருந்தார்கள். துக்கத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவரோடு பழகிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுவரொட்டியை நம்பிவிடக்கூடிய மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாசிலாமணிக்கும் அடக்கத்துக்கும் எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை கிடையாது. காலனித் தெருவில் பிறந்து, திருவாரூர் சாலையில் கீற்றுக்கொட்டகை போட்டு மோட்டார் வைத்தியம் பார்த்தவர். "டேய்" என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. பெரிய மிராசுகள் மூன்று தடவை கூப்பிட்டுத் தொண்டை வற்றி, நான்காம் தடவை "மெக்கானிக்" என்பார்கள். சட்டென்று காது திறந்துவிடும்.

ஓடாத வண்டி எது வந்தாலும் ஊர் சொல்வது ஒன்றுதான், பெட்ரோல் பம்பு போய்விட்டது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "பம்பு மேல எவன் வேணா பழி போடலாங்க. அது வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லாதுல்ல" என்பார்.

நான் அப்போது எங்கள் ஊர்ப் பண்ணையாரிடம் வேலையில் இருந்தேன். காரைத் துடைப்பது, பெட்ரோல் போட்டு வருவது, ஊர்க்கதை சொல்வது. மூன்றாவதில்தான் எனக்குத் திறமை. கார், மெட்ராஸில் பந்தயம் ஓடிக் களைத்த வெளிநாட்டுச் சரக்கு. இரண்டு கதவு, இரண்டு கார்பரேட்டர். வைக்கோல் வண்டிகளுக்கு நடுவே அதைப் பறக்கவிடுவது பண்ணையாருக்கு ஆனந்தம். திடீரென்று அதற்கு ஒரு நோய் வந்தது. நாலைந்து மைல் பறக்கும், இருமும், நின்றுவிடும். அரைமணி ஓய்வெடுத்தால் மறுபடி ஓடும். புதுப் பம்பு வாங்கி மாட்டியும் அதே கதை.

ஆட்சி மாறி, நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று பண்ணைகள் தூக்கம் கெட்டிருந்த காலம். எங்கள் பண்ணையார் பிறக்காத பேரன் பெயரில்கூட நிலம் எழுதிவைத்திருப்பதாக ஒரு பேச்சு உண்டு. பரப்பியவன் நான்தான். அவர் நிலத்தைப் பல வருஷமாக உழுதுவந்த கலியபெருமாளும் இன்னும் இரண்டு பேரும், குத்தகைதாரராகப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தார்கள். தாலுகா ஆபீசில் விசாரணை காலை பதினோரு மணிக்கு. ஆள் ஆஜராகாவிட்டால் மனு தள்ளுபடி, நிலமும் போச்சு.

அதற்கு முதல் நாள் கார் நடுவழியில் நின்றது. நான் டீக்கடையில் உட்கார்ந்து, "மனுப் போட்டவங்க டாங்கியில சக்கரையப் போட்டிருப்பாங்க" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதும். பண்ணையாருக்கு அது வேறு விதத்தில் போதுமானதாக இருந்தது. விடிந்தபோது மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்கள்.

காரை மாடு கட்டி இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். கூடவே ஏட்டு.

"சக்கரை இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு" என்றார் ஏட்டு.

"எழுதலாங்க. மொதல்ல பாத்துக்குறேன்."

"பாக்க என்னடா இருக்கு? ஊரே சொல்லுது" என்றார் பண்ணையார்.

மாசிலாமணி ஏட்டையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்: "ஊரு டாங்கிக்குள்ள எறங்கிப் பாத்துச்சாங்களா?"

எதிர்க் கடையிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரை வாங்கி, கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கினார். சர்க்கரை அப்படியே அடியில் மணலாக உட்கார்ந்தது. "டீ இல்லீங்க, கரையறதுக்கு. போட்டிருந்தா அடியில கெடக்கணும்." டாங்கியை வாளியில் வடித்தார். வடிகட்ட வெள்ளைத்துணி வேண்டுமென்று கையை நீட்டினார். அங்கே வெள்ளையாக இருந்தது பண்ணையார் தோளில் கிடந்த துண்டு ஒன்றுதான். நீட்டிய கை மடங்கவில்லை. துண்டு வந்தது. வடிகட்டியதில் ஒரு பரல்கூட இல்லை.

"அப்பப் பம்புதான்" என்றார் பண்ணையார்.

மாசிலாமணி வடித்த பெட்ரோலை டாங்கியில் திரும்ப ஊற்றி, கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி எஞ்சினைச் சுற்றவைத்தார். பம்பு பாட்டில் நிறையப் பீய்ச்சியது. "இதையும் விட்டுடுங்க, பாவம்" என்று குழாயை மாட்டி, டாங்கியை மூடி, எல்லாரையும் காரில் ஏறச் சொன்னார். பண்ணையார் ஓட்ட, மாசிலாமணி பக்கத்தில். பின்னால் ஏட்டும் நானும், முழங்கால் மோவாயில் இடிக்க.

நாலாவது மைலில் இருமி நின்றது. அவர் பானெட் பக்கமே போகவில்லை. பின்னால் போய் டாங்கி மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. "இப்ப எடுங்க." முதல் திருகலிலேயே கிளம்பியது. மூடியபடி மறுபடி ஓட்டவைத்தார், நின்றது. திறந்தார், ஓடியது.

"பெட்ரோல் குறையக் குறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும். அதுக்குத்தான் மூடியில ஊசித் தொளை வச்சிருப்பான். இதுல இல்ல. பம்பு எவ்வளவுதான் தம் கட்டி இழுக்கும்? ஆமா, யாரு வாங்கின மூடி இது?"

நான் வயலில் நின்ற கொக்கைப் பார்த்தேன். பழைய மூடியைப் பெட்ரோல் பங்க்கில் மறந்துவிட்டு, பளபளப்புக்கு மயங்கிப் புதுசு வாங்கியவன் நான்.

"சக்கரைன்னு மொதல்ல சொன்னது?"

கொக்கும் பறந்துவிட்டது. "நான்தாங்க" என்றேன்.

"நீ இந்த ரோட்டுல கடை வச்சுடுவியா?" என்று பண்ணையார் மாசிலாமணி மேல் பாய்ந்தார்.

"ரோடு சர்க்காருதுங்க. கொட்டகை என்னுது." ஏட்டின் நோட்டை வாங்கி, 'சர்க்கரை இல்லை, மூடிக்குத் துளை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பி, "தம்பி, ஸ்டேஷனுக்கு வந்து உங்க வாயால சொல்லுங்க" என்றார். மணி பத்தரை. பண்ணையார் முறைக்க முறைக்கச் சொன்னேன். எழுத்தும் சாட்சியும் ஒன்றாக வந்தபின் ஏட்டு அவர்களை வெளியே விட்டு, தன் காக்கிச் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டார். மூன்று பேரும் வரப்பில் விழுந்தடித்து ஓடினார்கள். தாலுகா ஆபீஸ் டவாலி மூன்றாம் முறை பெயரைக் கூப்பிடும்போது கலியபெருமாள், "இருக்கேங்க" என்று மூச்சிரைக்கப் படியேறினார். குத்தகை அவர்கள் பெயரில் பதிவானது.

எனக்கு வேலை போயிற்று. ஆறுதல் தேடி மாசிலாமணியிடம் போனால், "நல்லதாப் போச்சு. ஆமா, டீக்கடையில சொன்னத எப்பத் திருப்பி எடுக்கப்போறீங்க?" என்றார். போனேன். அதே பெஞ்சில் ஏறி நின்று, நான் சொன்னது புளுகு என்றேன். முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

பத்து நாளில் யாரோ கொட்டகையைப் பிரித்து வாய்க்காலில் போட்டார்கள். யாரென்று நான் சொல்ல மாட்டேன், நான் பார்க்கவில்லை. அவர் அதே இடத்தில் மறுபடி போட்டார். வாசலை மட்டும் பண்ணை வீட்டைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

மாசிலாமணியின் காரியத்தன்று கலியபெருமாள் கால் சேற்றோடு வந்து நின்றார். அந்த நிலத்தில் குறுவை நடவாம். அவர் அதைச் சொன்னதைத் தவிர வேறு அஞ்சலி அங்கே தேவைப்படவில்லை.

என் நாக்கு இன்னும் திருந்தவில்லை. ஆனால் பொய்யை எங்கே சொன்னேனோ அங்கேயே, அதே ஆட்கள் முன்னால், எழுந்து நின்று திருப்பி எடுப்பேன். மாசிலாமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். இங்கே எழுதியதில் எதையும் திருப்பி எடுக்கப்போவதில்லை. பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் படித்தால் வருத்தப்படுவார்கள் என்றார்கள். அவர்கள் வாங்கும் பத்திரிகை எது என்று விசாரித்துத்தான் இதை அனுப்பினேன்.