தின்று அணைத்த ஃப்ரீசர்

கலோலைனே என்று முழுப்பெயர் சொன்னால் அவள் திரும்பக்கூட மாட்டாள். கலோ என்றால்தான் திரும்புவாள். பிரிஸ்பேனில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், அதில் ஆறு மாடிப் பொறியியல் கட்டடம், அதைக் கூட்டித் துடைப்பது அவள். பதினோரு வருஷமாகச் சாயங்காலம் வாளியோடு நுழைந்து, ஊர் அடங்கிய பிறகு வெளியே வந்தவள். டோங்கா தீவிலிருந்து வந்த அவள் ஜனங்களின் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒத்திகை தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு. இவளுக்கு அது துடைக்கிற நேரம். அதனால் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் நின்று, பாட்டுத் தெரியாமல் வாயை மட்டும் அசைப்பாள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு வாயசைப்பதாம், கொடுமை.

மார்ச்சில் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் ஒரு புண்ணியவானுக்கு யோசனை வந்தது. பெருக்குவதற்காக ஆறு மாடி விளக்கும் பாதி ராத்திரிவரை எரிகிறதே, பகலிலேயே பெருக்கினால் என்ன? ஆறு மாதம் சோதனை என்றார்கள். கலோ பகலுக்கு மாறினாள், ஒத்திகைக்குப் போனாள். குழுவை நடத்தும் சியாலே அவள் குரலைக் கேட்டார், அக்டோபர் விழாவில் தனியாகப் பாட நாலு வரி கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. லிப்டுக்குள் பாடினாள், குப்பைத் தொட்டிக்குப் பாடிக் காட்டினாள்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, அந்த அலுவலகத்துக்காகக் கரண்ட் அளவெடுக்கும் பிரெண்டன் வந்து நின்றான். நல்ல மனுஷன், கெட்ட சேதி.

"ராத்திரி கரண்ட் பத்து சதவீதம் குறையணும் கலோ. ஆறுதான் குறைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் கடைசி அளவு. தேறலைன்னா..."

"பழையபடி ராத்திரி வேலையா?"

"ஆமா."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். நாலு வரியும் போச்சே.

"விளக்கெல்லாம் அணைஞ்சுதானே கிடக்கு? அப்ப வேற எதுவோ தின்னுது. வா, எந்த பிளக்ல என்ன மாட்டியிருக்குன்னு என்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

ஆறாவது மாடியில் பேராசிரியர் ட்ரெலோர் அலமாரிக்குப் பின்னால் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் ஒளித்து வைத்திருந்தார். உள்ளே பீர் பாட்டில்கள்.

"அது ஆராய்ச்சி மாதிரிகள்" என்றார்.

"பாதி ஆராய்ச்சி வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருக்கு போல" என்று கலோ பிளக்கைப் பிடுங்கினாள்.

நாலாவது மாடியில் ஒரு மீன் தொட்டி. மீன் கிறிஸ்துமசுக்கே செத்துவிட்டது, ஹீட்டர் மட்டும் தண்ணீருக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் காலுக்கு வைக்கிற ஹீட்டர், அதுவும் வெயில் கொளுத்துகிற பிரிஸ்பேனில். பிரெண்டன் சிரித்துச் சிரித்துக் கணக்கை இரண்டு தரம் தப்பாகப் போட்டான். அத்தனையும் பிடுங்கியும் எட்டு சதவீதம்தான் தேறும் போலிருந்தது.

அடித்தளத்துக்கு வந்தார்கள். "இது உங்க துடைப்ப ரூம், இங்க என்ன இருக்கப்போகுது" என்று பிரெண்டன் தாண்டிப் போனான்.

கலோவின் கால் நகரவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பாட்டுப் போகும்.

"பிரெண்டன், நில்லு. பெரிய திருடியை இன்னும் பிடிக்கலை."

கதவைத் திறந்தாள். சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு பழைய ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டில் இடமில்லை, விருந்து வரைக்கும்தான் என்று இரண்டு வருஷத்துக்கு முன் கொண்டுவந்தது. ஒரு விருந்து முடியும் முன்னே அடுத்த விருந்துக்கு நிரம்பிவிடும். இப்போது அக்டோபர் விழாவுக்கான பன்றித் தொடைகள். பிரெண்டன் அளவியை மாட்டிப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேல பிடுங்கினது எல்லாத்தையும் இது ஒண்ணே முழுங்கிடும் போலிருக்கே, கலோ."

அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. புருஷன் மொசேசேவுக்குப் போன் போட்டாள். "அடுப்புக் குழியைத் தோண்டு. விருந்து நாளைக்கு."

"அக்டோபர் என்னடி ஆச்சு?"

"அக்டோபர்ல நான் பாடணும்னா நாளைக்கு நாம தின்னாகணும்."

வியாழன் மத்தியானம் கட்டடத்துக்கு முன்னால் புல்தரையில், குழியில் சுட்ட கறி, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரைப் பொதி. பாடகர் குழு முழுசும் வேனில் வந்திறங்கியது. ட்ரெலோர் மிச்ச ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார், தட்டை மூன்று தரம் நீட்டினார். கறி பத்தவில்லை என்று பின்னால் இரண்டு பேருக்கு மனஸ்தாபமும் உண்டு. ஃப்ரீசர் காலியானது, அணைந்தது. அறிக்கையில் 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் பிரெண்டன் நெடுநேரம் யோசித்து, 'தின்று தீர்க்கப்பட்டது' என்று எழுதினான்.

அடுத்த வெள்ளி ஒத்திகையில் நின்றபோது அவள் போன் அதிர்ந்தது. பிரெண்டன் அனுப்பிய கணக்கு: பத்து புள்ளி நாலு சதவீதம். கலோ தன் வரியை ஒரு தாளம் முன்னாலேயே எடுத்துவிட்டாள்.

சியாலே கையை இறக்கினார். "என்ன அவசரம் கலோ? வேலைக்கு ஓடணுமா?"

"இல்லை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே ஓட வேண்டாம். முதல்லேர்ந்து பாடலாம்."