சொல்லாமல் விட்ட பாதி

அந்த விடுதிக்கு வருகிறவர்கள் வீடு திரும்புவதில்லை. மருத்துவம் கைவிட்ட பிறகு, கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க வருகிறவர்கள். பன்னிரண்டு கட்டில்கள், ஒரு டாக்டர், நான்கு நர்ஸ்கள். இவர்களைத் தவிர, வாரத்தில் சில மணி நேரம் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போக முப்பது தொண்டர்கள். எந்தத் தொண்டர் எந்தக் கட்டிலுக்கு என்று முடிவு செய்வதும், நோயாளி இறந்த பிறகு அந்தத் தொண்டரைத் தேற்றி அனுப்புவதும் ஒரே ஒருத்தியின் வேலை. எல்லோருக்கும் அவள் டியூட்டி அக்கா.

பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் ஓட்டுநர்களுக்கு டியூட்டி போட்டவள். முன்கோபக்காரனுக்கு நெரிசலான ரூட் கூடாது, தூங்குமூஞ்சிக்கு விடிகாலை வண்டி கூடாது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த நாலாவது மாதமே கணவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"எனக்கு டியூட்டி போட்டது போதும். வெளியில எங்கயாவது போய்ப் போடு."

விடுதியில் அவளுக்குக் கிடைத்த அறை மாடிப்படிக்குக் கீழே. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, அழ வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. புதிய தொண்டர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான். "நாளைக்குச் சரியாயிடும்னு சொல்லாதீங்க. உங்க வீட்டுக் கதையை அவங்க தலையில கொட்டாதீங்க. வலியைப் பத்தி அவங்க என்ன சொன்னாலும் அன்னிக்கே என் காதுக்கு வந்தாகணும்."

ஆறாம் கட்டிலுக்கு ஒரு லாரி மெக்கானிக் வந்தார். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. முதலில் அனுப்பிய இரண்டு தொண்டர்களையும் அரை மணி நேரத்தில் விரட்டிவிட்டார். ஒருவர் நிறையப் பேசினாராம், இன்னொருவர் பாவமாகப் பார்த்தாராம். மூன்றாவதாக ஒரு சலூன்காரரை அனுப்பினாள். நாற்பது வயது, சொந்தக் கடை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கும் ஆள். அவர் போய், "ஷேவ் பண்ணிவிடட்டுமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் தாடையை நீட்டினார்.

அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல் சலூன்காரர் வந்தார். அரை மணி நேர ஷேவிங் மூன்று மணி நேரம் நடந்தது.

"அப்படி என்னதான் தம்பி பேசுவீங்க?" என்று ஒருநாள் அக்கா கேட்டாள்.

"கியர் பாக்ஸ் பத்திக்கா. எனக்கு ஒரு மண்ணும் புரியல. ஆனா நல்லாருக்கு."

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை, நுரைக்குக் கீழே மெக்கானிக்கின் தாடை கல்லாக இறுகியிருப்பது சலூன்காரரின் விரலுக்குத் தெரிந்தது. கத்தியை எடுத்துவிட்டார்.

"வலிக்குதாண்ணே?"

மெக்கானிக் தலையணைக்குக் கீழிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து காட்டினார். இரண்டு நாளாக நர்ஸ் கொடுத்த வலி மாத்திரைகள். விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒதுக்கி, துப்பி வைத்திருந்தார்.

"சனிக்கிழமை பொண்ணு வர்றா. அவ கல்யாணத்துக்கு நான் போகல, வீம்பு. பதினோரு வருஷம் ஆச்சு அவ முகத்தைப் பாத்து. இதைப் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறேன். தூங்கறவனைப் பாக்கவா அவ அவ்வளவு தூரம் வரணும்? இன்னும் ரெண்டே நாள், பல்லைக் கடிச்சுக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

சலூன்காரர் மாடிப்படி அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை, மகள், சனிக்கிழமை, ஒன்றுவிடாமல்.

"சொன்னது நல்லது தம்பி. டாக்டர்கிட்ட பேசி வழி பண்ணலாம். நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தலைமை நர்ஸை நடையிலேயே பிடித்தாள். "ஆறாம் கட்டில் மெக்கானிக் ரெண்டு நாளா மாத்திரையைத் துப்பிடறாரு சிஸ்டர். வலி தாங்காம கிடக்கிறாரு." அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. புதிய நோயாளி. கூட வந்த மனைவி வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அக்கா ஓடினாள். அந்த அம்மாளுக்குத் தண்ணீர் தெளித்து, காகிதங்களில் கையெழுத்து வாங்கி, கட்டில் காட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போனாள், சாப்பிட்டாள், படுத்தாள். சொல்லாமல் நின்ற பாதி அவளோடேயே தங்கிவிட்டது.

அன்று மாலை டாக்டர் போய்ப் பார்க்கும்போது, மெக்கானிக் போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தார். அடக்கி வைத்திருந்த வலி கை மீறிவிட்டது. பேச்சு வரவில்லை. "வேணாம்... வேணாம்..." என்று மட்டும் முனகினார். வலியில் பிதற்றுகிறார் என்று டாக்டர் நினைத்தார். வலி ஊசி போட்டார், நேரம் தவறாமல் தொடரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாகப் போன அக்கா, மெக்கானிக் அசையாமல் தூங்குவதைப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் ஒரு பெண் தோளில் பையோடு வந்து, "ஆறாம் கட்டில் எங்கங்க?" என்று கேட்டாள். சொல்லாமல் விட்ட பாதி அப்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. டாக்டரிடம் ஓடினாள். அவர் அதன் பிறகு ஊசியை நிறுத்திப் பார்த்தார். மகள் இரவெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தாம்பா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவர் கண் திறக்கவில்லை. ஞாயிறு காலை மூச்சு நின்றது.

டாக்டர் பூசி மெழுகவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சு, நேரத்தை மாத்திப் பாத்திருக்கலாம். முழிச்சிருப்பாருன்னு சத்தியம் பண்ண முடியாது. முயற்சி பண்ணியிருக்கலாம்."

சாமான்களை வாங்கிக்கொள்ள மகள் மாடிப்படி அறைக்கு வந்தாள். "நான் வர்றேன்னு அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், தான் மறந்ததையும் சேர்த்து.

மகள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நிம்மதியா போனாருன்னு நெனச்சுக்கிட்டே ஊருக்குப் போயிருப்பேன். இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" என்றாள். கதவுவரை போய்த் திரும்பி, "இல்ல, சொன்னது சரிதான். ஆனா மன்னிச்சுடுன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

"கேக்கலம்மா."

சலூன்காரருக்கு அன்றே போன் செய்தாள். "நான் சொன்னதை முழுசாச் சொன்னீங்களாக்கா?" என்றார். "இல்ல தம்பி." அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த வியாழன் வரவில்லை.

தொண்டர் வராவிட்டால் தேடிப் போவதும் அவள் வேலைதான். கடைக்குப் போய், முடி வெட்டக் காத்திருப்பவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் வாரம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் டீ வாங்கி வைத்தார். மூன்றாவது வாரம், கடையில் வேறு ஆள் இல்லாதபோது பேசினார்.

"என்னை நம்பித் தாடையைக் கொடுத்தாருக்கா. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, பொண்ணைப் பாத்திருப்பாரா?"

"தெரியல தம்பி. அதுவரைக்கும் தாங்கியிருக்க மாட்டாருன்னுதான் தோணுது. ஆனா தெரியல. நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சீங்க. செய்யாதவ நான்."

"உங்க மேல கோபம் இல்லக்கா. அந்த வாசப்படியை மிதிக்க முடியல, அவ்வளவுதான்."

அவர் அழுது முடிக்கும்வரை அவள் அந்தப் பெஞ்சில் இருந்தாள். அதற்கப்புறம் அவரை வரச் சொல்லிக் கூப்பிடவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை டாக்டர் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார். "வேற ஆள் கிடைச்சதும் போங்க." இப்போதெல்லாம் தொண்டர்கள் சொல்வதை அவர்கள் எதிரிலேயே எழுதிக்கொள்கிறாள். நர்ஸ்களிடம் வரி விடாமல் படிக்கிறாள், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை நகர்வதில்லை. கழுத்தறுப்பு என்று இளைய நர்ஸ்கள் முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை. இரண்டு வருஷமாகிறது. வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.